டெண்டர் எடுக்கும்வரை சட்டம் துணை இருக்கும், அதற்குப் பிறகு? அரசுக்குச் சரக்கு கொடுத்த என் அனுபவம்

அரசு அலுவலகங்களுக்குச் சரக்கு கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சின்னப் பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் நான் விசாரித்தபோது எல்லோரும் சொன்னது ஒரே வரிதான்: "கவர்மெண்ட் பணம் லேட் ஆகும், ஆனா எங்கயும் போகாது." போகாது என்பது உண்மைதான், கடைசியில் எனக்கும் வந்தது. வந்து சேர்வதற்குள் என்னவெல்லாம் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. எந்தக் காகிதத்தை எந்த நேரத்தில் வாங்கி வைக்க வேண்டும், எந்தச் சட்டம் எனக்கு உதவும், எது உதவாது என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்காது.

கோவைப் பக்கம் ஸ்டீல் ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறேன். ரேக், பீரோ, மேசை செய்வோம். வெல்டிங், பெண்டிங் (தகடு வளைப்பது), பவுடர் கோட்டிங் எல்லாம் சேர்த்து பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். 2020 கொரோனாவில் தனியார் ஆர்டர் அப்படியே நின்றுபோனது. அப்போதுதான் ஒரு மாவட்ட அளவிலான அரசு அலுவலகத்துக்கும் அதன் கிளை அலுவலகங்களுக்கும் பதிவறை ரேக்குகளும் மேசைகளும் வேண்டும் என்று வந்த டெண்டரைப் பார்த்தேன். எந்தத் துறை, எந்த மாவட்டம் என்பதைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, இதே கதை வேறு எந்த அலுவலகத்திலும் நடந்திருக்கும்.

டெண்டர் கட்டம் ஒழுங்காக நடந்தது, அதை மனதாரச் சொல்ல வேண்டும். அரசு எப்படி வாங்க வேண்டும் என்று சட்டமே போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. 1998இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000இல் அதற்கான விதிகள் வந்தன. கர்நாடகம்கூட அடுத்த வருடம்தான் போட்டது. அந்தச் சட்டத்தின் பலனை நான் நேரிலேயே பார்த்தேன். அறிவிப்பு எல்லோருக்கும் தெரியும்படி வந்தது. விலைப்புள்ளி கொடுக்க விதியின்படி குறைந்தது 15 நாள் கொடுத்தார்கள் (இரண்டு கோடிக்கு மேல் போனால் 30 நாள்). தொழில்நுட்ப உறை தனி, விலை உறை தனி. உறை பிரிக்கும்போது போட்டியாளர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் தெரியாத, யாருடைய சிபாரிசும் இல்லாத எனக்கு ஆர்டர் கிடைத்தது என்றால் அதற்கு அந்தச் சட்டம்தான் காரணம். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது, அதனால்தான் மீதிக் கதை இவ்வளவு வலிக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு விஷயம். நீங்கள் தகுதியானவராக இருந்தும் தள்ளிவிட்டார்கள் என்றால், அந்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் செய்துவிட வேண்டும். நல்ல வக்கீலாகத் தேடுவதற்குள் அந்தப் பத்து நாள் ஓடிவிடும். ஆகவே டெண்டர் ஆவணங்கள், அனுப்பிய மெயில்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் மதிப்பு 18 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 21 லட்சத்து 24 ஆயிரம். காப்புத் தொகையாக 90 ஆயிரம் கட்டினேன், ஒரு வருட உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். விலை கொடுத்தது 2020 நவம்பரில், ஆர்டர் கைக்கு வந்தது 2021 ஜனவரியில். ஸ்டீல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கும். சிஆர் ஷீட் (ரேக், பீரோ செய்யும் ஸ்டீல் தகடு) விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் கொடுத்த விலையோ நிலையான விலை, ஒரு ரூபாய் கூட்ட முடியாது. இந்த ஆர்டரில் ஒன்றரை லட்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன், அதில் ஒரு லட்சத்துக்கு மேல் ஷீட் விலையிலேயே போய்விட்டது. விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று டெண்டரில் ஒரு வரி இருக்கும். 90 நாள் என்று போட்டிருந்தால், 90 நாள் கழித்துச் சரக்கு வாங்கினால் என்ன விலை இருக்கும் என்று யோசித்துத்தான் விலை போட வேண்டும். உங்கள் ஷீட் டீலரிடம் அட்வான்ஸ் கொடுத்து விலையைப் பிடித்து வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது: சரக்கு கொடுக்கத் தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு சதவீதம் பிடித்தம். நியாயம்தான். பணம் கொடுக்கத் தாமதமானால் அலுவலகம் என்ன செய்யும் என்று தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போடும்போதே அது கண்ணில் பட்டது, கேட்டேன். "எல்லா ஒப்பந்தமும் இந்த மாடல்தானுங்க, இதுல ஒரு எழுத்து மாத்த முடியாது" என்றார்கள். அதுவும் உண்மைதான். இந்தப் பேப்பரில் பேரம் பேசச் சிறு வியாபாரிக்கு இடமே கிடையாது. அதனால்தான் பாதுகாப்பு என்பது சட்டத்தில் இருந்து வர வேண்டும் என்று சொல்கிறேன்.

ராத்திரி பகலாக வேலை பார்த்து மார்ச் நடுவில் எல்லா இடத்திலும் சரக்கை இறக்கினோம். இங்கேதான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் பெயர், பதவி, தேதி, அலுவலக முத்திரை நான்கும் வேண்டும். "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கிறுக்கல் மட்டும் போதாது. எங்கள் டிரைவர் விவரமானவர், எல்லாக் கிளையிலும் முத்திரை வாங்கிவிட்டே வண்டியை எடுத்தார். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தச் சலான்கள்தான். ஏனென்றால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது. சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துமூலமாக ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த அன்றே அவர் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாள் கணக்கு அங்கிருந்து ஓடத் தொடங்கும். அந்தத் தேதியை நிரூபிக்க உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சலானோடு வேலை முடியவில்லை. பில் பாஸ் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கிளையும் சரக்கை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்கம் எண் போட்டுச் சான்று கொடுக்க வேண்டும். ஒரு கிளையில் மட்டும் சான்று வரவில்லை, அங்கே பொறுப்பில் இருந்தவரைத் தேர்தல் பணிக்கு எடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 26ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. நடுவில் மார்ச் 31. நிதியாண்டு முடிந்தால் அந்த வருடத்து ஒதுக்கீடும் முடிந்தது. அந்த ஒரு சான்று கிடைக்காததால் மொத்த பில்லும் கருவூலத்துக்குப் போகவில்லை, பணம் திரும்பிப் போய்விட்டது. பல இடத்தில் டெலிவரி என்றால் இடத்துக்கு இடம் தனித்தனி பில் போட அனுமதி கேளுங்கள், ஒன்று நின்றாலும் மற்றவை நகரும். இன்னொன்று, பிப்ரவரி, மார்ச்சில் சரக்கு கொடுக்கும் ஆர்டர் என்றால் பில் மார்ச் முதல் வாரத்துக்குள் உள்ளே போய்விடும்படி நாளைக் கணக்குப் போடுங்கள், அது முடியாது என்று தோன்றினால் அந்த ஆர்டரை எடுக்கலாமா என்றே யோசியுங்கள்.

ஏப்ரலில் போனால் புது வருட ஒதுக்கீடு வரவில்லை. மே 2 தேர்தல் முடிவு, மே 10 முதல் முழு ஊரடங்கு. அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை, இருந்தவர்களிலும் சிலர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் போய்ப் பணம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜூலையில் அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத சரக்குக்குத் தான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று மறுபடி ஆய்வு செய்யச் சொன்னார். ஷீட் கேஜ் (தகட்டின் கனம்) சரியாக இருக்கிறதா என்று அளந்தார்கள், சரியாகவே இருந்தது. அப்புறம் ஃபைல் கணக்குப் பிரிவுக்குப் போனது, அங்கிருந்து ஒரு சந்தேகத்தோடு திரும்பி வந்தது, திரும்பவும் போனது. அங்கே இருந்த கணக்கர் வயதில் என்னைவிடப் பெரியவர், ஒவ்வொரு தடவையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒதுக்கீடு வரலீங்க தம்பி, வந்ததும் மொத பில்லு உங்களுதுதான்" என்பார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் கையில் எதுவுமே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரியும்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். பில் போட்டாகிவிட்டது, ஆகவே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். அரசு பணம் கொடுத்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி போக வேண்டும். எனக்குப் பணம் தராத அரசுக்கே, அந்தப் பணத்தின் மேல் மூன்றே கால் லட்சம் வரியை நான் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். ஷீட் வாங்கும்போது டீலர் பில்லில் கொஞ்சம், மீதி நேரடியாக. வங்கியில் ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) வரம்பு பத்து லட்சம், அது முழுக்க இதிலேயே மாட்டிக்கொண்டது. வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் நிறுத்த மனம் வரவில்லை, ஊரடங்கில் அவர்கள் எங்கே போவார்கள். தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு ஐந்து லட்சம் வாங்கினேன். ஷீட் டீலர் பாக்கிக்கு அவர் வட்டி போட்டார். எல்லாம் சேர்த்து வட்டி மட்டும் மூன்று லட்சத்து இருபதாயிரம் ஆனது. ஒன்றரை லட்சம் லாபம் என்று இறங்கிய ஆர்டரில் கடைசியில் என் கைக்காசு இரண்டே முக்கால் லட்சம் போனது. சின்னப் பட்டறைக்கு அது ஒரு புது பெண்டிங் மிஷினுக்கான முன்பணம். அந்த வருடம் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு மைத்துனரிடம் கை நீட்ட வேண்டியதாகிவிட்டது. 21 லட்சம் வரவேண்டியது இருக்கும்போதே பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் அலைவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி விழித்துக்கொண்டு, நாளைக்கு யாருக்கு என்ன சமாதானம் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். மனைவியிடம்கூட முழுத் தொகையைச் சொல்லாமல் பல மாதம் ஓட்டினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒருவர், அலுவலகத்து ஆள்கூட இல்லை, வெளியே சுற்றிக்கொண்டிருப்பவர், "கொஞ்சம் செலவு பண்ணுனா ஃபைல் நகரும்" என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களைத் திட்டவும் எனக்கு மனமில்லை, மாதம் பத்தாயிரம் இருபதாயிரம் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தொகை கொடுத்து வெளியே வந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். டெண்டர் கொடுப்பதில் ஊழல் நடக்கக் கூடாது என்று உறை, குழு, இணையதளம் என்று அத்தனை பூட்டுப் போட்டிருக்கிறோம். ஆனால் பில் பாஸ் ஆவதற்கு நாள் கணக்கு என்று ஒன்று சட்டத்தில் இறுக்கமாக இல்லாதவரை, தாமதமே விற்பனைக்கு வந்துவிடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போலத்தான்.

எனக்கு வழி காட்டியது எங்கள் சிறுதொழில் சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன். அவர்தான் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 முதல் 19 வரையுள்ள பிரிவுகளைப் படிக்கச் சொன்னார். எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது வங்கி விகிதம் 4.25 சதவீதம், ஆகவே எனக்கு 12.75 சதவீதம். வாங்குபவர் தனியாரா அரசா என்று அந்தச் சட்டம் பிரிப்பதில்லை. தகராறு என்றால், பாக்கி வழக்குகளைத் தீர்க்க இந்தச் சட்டப்படி அமைத்த வசதியாக்கக் குழுவிடம் மனுச் செய்யலாம். சென்னை தவிர கோவை, மதுரை, திருச்சியிலும் அந்தக் குழு இருக்கிறது. அப்போது சமாதான் என்ற இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதிவு செய்ய முடிந்தது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் அரசுக்கு முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டும். இங்கே அந்த இரண்டு சுமையும் இல்லை. குழு தீர்ப்புக் கொடுத்து, அதை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இத்தனை பலமான சட்டம் கையில் இருந்தும் எங்கள் தொழிற்பேட்டையில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்காது.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு) ஆர்டர் வாங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்துவிட்டு இந்தப் பலனைக் கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எனக்கு 2020லேயே பதிவு இருந்ததால் தப்பித்தேன். அடுத்து, இது உற்பத்தி செய்பவருக்கும் சேவை கொடுப்பவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்தார்கள் என்றாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான், தாமத வட்டிப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. அதைத் தெரியாமல் நம்பி ஏமாந்த ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரரை எனக்குத் தெரியும். மூன்றாவது, பணம் கேட்பதை வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து அலுவலக நகலில் முத்திரை வாங்குங்கள். "ஒதுக்கீடு வந்ததும் வழங்கப்படும்" என்று அவர்கள் எழுத்தில் ஒரு பதில் கொடுத்தால் அதுவே பாக்கியை ஒப்புக்கொண்ட சாட்சி. பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடக் காலவரையறை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மனுப் போடுவதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுக் கொடுத்தேன். இந்த ஆர்டருக்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்கப்பட்டது, எப்போது திரும்பிப் போனது, புது ஒதுக்கீடு கேட்டுக் கடிதம் போனதா, போனால் எந்தத் தேதியில் என்று நான்கே கேள்வி. பதில் வந்தபோது மனசு உடைந்துவிட்டது. ஒதுக்கீடு கேட்டுக் கடிதமே பல மாதம் கழித்துத்தான் போயிருக்கிறது. "ஒதுக்கீடு வரவில்லை" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அதை யாரும் கேட்கவே இல்லை. யாரையும் பழிவாங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுத வேண்டியது யாருடைய பொறுப்பு, எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லாததால்தானே இப்படி ஆனது?

2021 கடைசியில் வசதியாக்கக் குழுவுக்கு மனு போனது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்த 90 நாளில் முடியவில்லை. ஆனால் குழுவிலிருந்து நோட்டீஸ் போன பிறகு ஃபைல் நகர்ந்த வேகம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. 2022 மே மாதம் அசல் முழுவதும் கணக்கில் ஏறியது, அதில் ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம் போக (இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு அரசு அலுவலகம் பிடிக்கும், உங்கள் ஜிஎஸ்டி லெட்ஜரில் வந்து உட்காரும், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்). பணம் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, உடம்பெல்லாம் அசதிதான் வந்தது. அன்றைக்கே ஐந்து லட்சத்தை வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வட்டி என்று சமரசப் பேச்சில் கேட்டபோது வந்த பதில், வட்டி கொடுக்கக் கணக்குத் தலைப்பே இல்லை என்பது. சட்டப்படி எனக்குச் சேர வேண்டியது மூன்று லட்சத்துக்கு மேல். அசல் வந்துவிட்டதே, இனி எதற்கு விரோதம், அடுத்த டெண்டருக்கு வரவேண்டாமா என்று நல்லெண்ணத்தோடேயே சொன்னவர்கள் உண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அசலை வாங்கும்போது, வட்டிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த ஒரு வரியை நீங்களும் மறக்காமல் எழுதுங்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்று டைப் செய்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதிலெல்லாம் அடிபட்ட பிறகுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கவனமெல்லாம் யாரிடம் வாங்குவது என்பதில்தான் இருக்கிறது. வாங்கிய பிறகு பணம் தராவிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டு போன எனக்கு, பிடித்துக்கொள்ள அதில் ஒரு கொம்பும் கிடைக்கவில்லை. மத்திய அரசில் இதற்கென்று சட்டமே கிடையாது, 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளை வைத்துத்தான் வாங்குகிறார்கள், அவை நிர்வாக உத்தரவுகள்தான். 2012இல் பொதுக் கொள்முதல் மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது, 2014இல் சபை கலைந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. அரசு அலுவலகங்கள் இணையத்தில் சரக்கு வாங்கும் ஜெம் (GeM) தளத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்ட சான்று வந்த பத்து நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதமானால் மாதம் ஒரு சதவீதம் அபராத வட்டி என்று 2020இல் நிதியமைச்சகம் உத்தரவு போட்டது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் அந்த வட்டி ஜெம் கணக்குக்குப் போகும், சரக்கு கொடுத்தவருக்கு இல்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் 2024 ஏப்ரல் முதல் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது, சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள் பணம் கொடுக்காத நிறுவனம் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் கழிக்க முடியும். தனியார் கம்பெனிகள் உடனே சுறுசுறுப்பானதை என் பட்டறையிலேயே பார்த்தேன். வருமான வரியே கட்டாத அரசுத் துறைக்கு அதனால் என்ன பயம்?

வெளிநாட்டில் இதைச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டு உத்தரவுப்படி அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி தானாகச் சேரும். பிரிட்டனில் 2023இல் இயற்றிய கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 30 நாளில் பணம் என்ற நிபந்தனை அதில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும், துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் அது பொருந்தும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்கும் உரிமை கொள்முதல் சட்டத்திலேயே இருக்கிறது, வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்து, வேறொரு குழுவிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

நம் சட்டத்தைத் திருத்தினால் எனக்கு முதலில் வேண்டியது, நிதி கையில் இல்லாமல் டெண்டர் விடக் கூடாது, விட்டால் அந்தத் தொகை மார்ச் 31இல் திரும்பிப் போகக் கூடாது என்பது. சரக்கு கொடுத்தவன் தவறே செய்யாதபோது நிதியாண்டு முடிந்தது என்பது அவன் தலையில் விடியக் கூடாது. அடுத்து, ஆய்வுக்கு நாள் வரம்பு. 15 நாளில் எழுத்தில் ஆட்சேபணை இல்லையென்றால் ஏற்றதாகப் பொருள் என்பதை ஒப்புக்கொள்ளும் ஒரு வரி ஒவ்வொரு ஆர்டரிலும் அச்சாகியிருக்க வேண்டும். பிறகு, வட்டி. கேட்டால்தான் தருவோம் என்று இல்லாமல் பில்லோடு தானாகச் சேர்ந்து வர வேண்டும், அதற்கென்று கணக்குத் தலைப்பு வேண்டும், அந்தத் துறையின் செலவாக அது வெளியே தெரிய வேண்டும். எந்தத் துறை எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்பதை டெண்டர் தளத்திலேயே போட்டால், விலை கொடுக்கும்போதே நாங்கள் தெரிந்துகொள்வோம். இன்றைக்கு அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் தாமதத்தையும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். நேரத்துக்குப் பணம் வரும் என்று உறுதி இருந்தால் நான் கொடுக்கும் விலையே குறையும், மக்கள் பணம்தான் மிச்சமாகும்.

நான் இன்னும் அரசு டெண்டர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், விட்டுவிடவில்லை. ஆனால் விலை போடுவதற்கு முன் அலுவலகம் நடத்தும் கூட்டத்தில் நிதி ஒதுக்கீட்டு ஆணை எண்ணும் தேதியும் என்ன என்று எழுத்தில் கேட்கிறேன். பதில் சொல்லாத அலுவலகத்துக்கு விலை போடுவதில்லை. ஓடி வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே அரசு ஆர்டரில் மாட்டாதபடி பார்த்துக்கொள்கிறேன், ஆர்டர் பெரிதாக இருந்தால் விட்டுவிடுகிறேன். காப்புத் தொகை 90 ஆயிரம் திரும்பி வந்துவிட்டது, அதற்கும் கடிதம் எழுதி முத்திரை வாங்கித்தான். வட்டிக்கான மனு மட்டும் இன்னும் குழுவில் இருக்கிறது, விசாரணைக்கு அழைக்கும்போதெல்லாம் அந்தச் சலான்களை எடுத்துக்கொண்டு போகிறேன்.